கொலு பொம்மைக்கு நிழல் போடுங்க

நவராத்திரி நெருங்கினால் நம்ம மக்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஊரிலிருந்து வந்த மண் பொம்மை மங்கிப் போச்சுன்னு எனாமல் டப்பா வாங்கி ஒரே பூச்சு! புடவை மடிப்பு, மூக்கு, முழி எல்லாம் பளபளப்பில் காணாமல் போயிடும்.

தோப்பும்படிக்காரங்களுக்குப் பாடம் பக்கத்திலேயே இருக்கு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவரில் ராமாயண ஓவியங்களைப் பாருங்க. உடம்பின் நிறத்தையே ஓரத்தில் அடர்த்தியாக்கி, நடுவில் வெளிற விட்டு உருட்சி காட்டியிருக்காங்க. கேரளச் சுவரோவிய முறையில் கறுப்புக் கோடும் கண்ணும் கடைசியில்தான்.

வீட்டிலும் அப்படியே செய்யலாம். நிறம் போன இடத்தில் அக்ரிலிக்கை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்க. காய்ந்ததும் அதே நிறத்தில் அடர்த்தியானதைத் தண்ணியாகக் கரைத்து மடிப்புக்குள் இறக்குங்க. பிறகு வெளிர்நிறம் தொட்ட பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக உரசுங்க. அவ்வளவுதான், மடிப்பு எழுந்து நிற்கும்.

பிள்ளைங்க முதலில் உடைந்த பொம்மையில் பழகட்டும். முகம் நல்லா இருந்தால் தொடவே வேண்டாம். பாட்டி கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த முகம் அது. ஊரை விட்டு வந்த நமக்கு அதை அழிக்க மனசு வருமா, சொல்லுங்க?