தவளை முட்டை வெடித்தது... கண் பார்வை பிழைத்தது!

சோதனைக்கூடங்களுக்கென்றே விற்கப்படும் சின்னக் குப்பி அது. உள்ளே இருப்பது 'அக்வாபோரின்' என்ற மனிதப் புரதம். ஆனால், எந்த மனிதரின் உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல. அதற்கான மனித ஜீனை பாக்டீரியாவுக்குள்ளோ, ஈஸ்ட்டுக்குள்ளோ, வளர்ப்பு செல்களுக்குள்ளோ நுழைத்து, அவற்றை வேலை வாங்கித் தயாரித்தது. மேலே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒரு சீட்டு.

"ஆராய்ச்சிக்கு மட்டும்னா நமக்கென்ன சார் பிரயோஜனம்? அந்தப் பணத்துக்கு நாலு மாத்திரை கண்டுபிடிக்கலாமே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் தப்பான கேள்வி என்பதே என் கட்சி.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே என்ற டாக்டர், ரத்தத்தின் ஆர்.ஹெச். வகை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1988-ல், சிவப்பணுக்களில் அவர் தேடாத ஒரு புரதம் கண்ணில் பட்டது. என்ன வேலை செய்கிறது என்றே தெரியவில்லை. 'நமக்கெதற்கு?' என்று தூக்கி எறியாமல் அதன் பின்னாலேயே போனார். அதைத் தயாரிக்கும் கட்டளையைத் தவளையின் முட்டைகளுக்குள் செலுத்தி, உப்பு குறைந்த தண்ணீரில் போட்டார். சாதாரண முட்டைகள் அப்படியே கிடக்க, இவை மட்டும் சில நிமிடங்களில் ஊதி, 'டப்'பென்று வெடித்தன! செல்லுக்குள் தண்ணீர் போய் வரும் வாய்க்கால் இதுதான் என்று 1992-ல் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாய்க்காலில் ஒரு விநாடிக்குக் கோடிக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் பாய்கின்றன. 2003-ல் ஆக்ரேவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, நம் வீட்டுக்கு என்ன லாபம்? சொல்கிறேன்.

நம் உடம்பில் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பதின்மூன்று. நான்காம் எண் அக்வாபோரின் மூளையிலும், முதுகுத் தண்டிலும், கண் நரம்பிலும் இருக்கிறது. சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே இதை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. 'நியூரோமைலிடிஸ் ஆப்டிகா' என்று பெயர். பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கும், கால்கள் மரத்துத் துவளும், சிறுநீர் அடைக்கும். சிலருக்கு நாள்கணக்கில் நிற்காத விக்கல், வாந்தி!

வெகுகாலம் இதை 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நோயின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். அங்கேதான் ஆபத்து. அந்த நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் இந்த நோயை மோசமாக்கலாம். ஒவ்வொரு தாக்குதலும் பார்வையையோ நடையையோ நிரந்தரமாகப் பறித்துவிடலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் ரத்த அடையாளம் 2004-ல் வெளியானது. அதன் இலக்கு அக்வாபோரின்-4 என்பது 2005-ல் உறுதியானது. இப்போது, மனித அக்வாபோரினைத் தயாரிக்கும்படி மாற்றிய வளர்ப்பு செல்களின் மேல் நோயாளியின் ரத்த நீரை விடுகிறார்கள். எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது செல்களில் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சோதனைக்கூடத்துப் புரதம், கடைசியில் ஒரு குடும்பத் தலைவியின் கண்ணைக் காப்பாற்ற வந்து நிற்கிறது!

எனவே, வீட்டில் யாருக்காவது மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால், 'சூடு பிடிச்சிருக்கும்', 'அஜீரணமா இருக்கும்' என்று நாளைக் கடத்தாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் போங்கள். "அக்வாபோரின் ஆன்டிபாடி டெஸ்ட் தேவைப்படுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். செல்களை வைத்துச் செய்யும் சோதனையே கூடுதல் நம்பகமானது. ரிசல்ட் வரட்டும் என்று அவசர சிகிச்சையை மட்டும் தள்ளிப் போடக்கூடாது. 'இல்லை' என்று வந்தாலும், சந்தேகமிருந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லலாம். நோய் உறுதியானால், அடுத்த தாக்குதலைத் தடுக்க மருந்துகள் உண்டு. 'இப்போதான் நல்லா இருக்கே' என்று அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஆர்.ஹெச். வகையைத் தேடப் போனவருக்குத் தண்ணீர் வாய்க்கால் கிடைத்தது. அந்த வாய்க்கால், தான் பார்த்தே இராத ஒரு நோயாளிக்கு வழி காட்டுகிறது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற சீட்டை இனி எங்கே பார்த்தாலும் அலட்சியமாக நினைக்காதீர்கள். இன்றைக்கு ஆராய்ச்சிக்கு, நாளைக்கு... யார் கண்டது, நமக்கே தேவைப்படலாம்!