ரோசத்திற்கு ஆங்கிலம் என்ன?

நீதிமன்றிலே ஒரு சொல் மொழிபெயர்க்கப்படுவது சிறு காரியம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்கள் முன் ஒரே ஒரு சொல்லை வைக்க விரும்புகிறேன்.

கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவன், "எனக்கு ரோசம் வந்திட்டு" என்று சொல்வதாகக் கொள்வோம். கல்முனைக் கரையோரத்திலே இதன் பொருளறியாத சிறுவனும் இல்லை. ஆனால், வழக்கு மேன்முறையீட்டுக்காகக் கொழும்பை அடையும்போது, ஆங்கில ஏட்டிலே அச்சொல் "அங்கர்" ஆகிவிடுகிறது. அவன் கோபங் கொண்டான், அவ்வளவே!

சட்டம் கேட்பது அதுவா? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே, 294ஆம் பிரிவின் முதலாம் விதிவிலக்கு, வெறுங் கோபத்தைப் பொறுப்பதில்லை. இறந்தவன் செய்த கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலாலே தன்னடக்கம் இழந்தவனுக்குத்தான் அது இடமளிக்கிறது. அந்த இடம் கிடைத்தால், மரணதண்டனைத் தீர்ப்புக்குப் பதிலாக, கூடியது 20 ஆண்டுச் சிறை. கோபம் தானாகவும் வரலாம். ரோசம் தானாக வருமா? ஒருவன் மானத்தை மற்றொருவன் தீண்டினாலன்றி ரோசம் இல்லை. தீண்டியவனும் அச்சொல்லுக்குள்ளேயே நிற்கிறான். அச்சொல் ஒன்றே எவரையும் விடுவித்துவிடாது, ஆயினும், "தீண்டியது யார்? எவ்வாறு?" என்ற கேள்வியை அது எழுப்பும். "அங்கர்" அக்கேள்வியைப் பிறக்குமுன்னே கொன்றுவிடுகிறது.

இக்குற்றத்திலே எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்கமாட்டேன். வயற்காணி இழந்த மூதாட்டி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணவர் காடு வெட்டித் திருத்திய வட்டை அது. "வயிறு எரியுது மகன்" என்றார். சத்தியக் கடதாசியை ஆங்கிலத்திலே வரைந்த நான், அவர் கடும் "டிஸ்ட்ரெஸ்" அடைந்தாரென்று எழுதி, அதைத் தமிழில் விளக்கி, "உங்களுக்கு மிகுந்த மன உளைச்சல் என்று போட்டிருக்கிறேன்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: "இதில அவனுகள் செஞ்சது எங்க மகன்?"

சட்டக் கல்லூரி கற்பிக்காத பாடத்தை அந்த அம்மையார் ஒரு வாக்கியத்திலே கற்பித்தார். வயிறெரிவது நோயன்று, முறைப்பாடு. அநீதி செய்தவன் ஒருவன் உண்டென்ற குற்றச்சாட்டு. நான் எழுதிய ஆங்கிலச் சொல்லோ, அவரது குற்றச்சாட்டை அவரது உடம்புக்குள்ளேயே புதைத்துவிட்டது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி, கடல் பொங்கிய அந்தக் காலையிலே, நாட்டின் மற்றெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் அதை மறக்குமா? துயர்துடைக்க வந்த பிறநாட்டார் சிலர் "ட்ரோமா" என்ற சொல்லையும் கேள்விப்படிவங்களையும் உடன்கொணர்ந்தனர். அப்படிவங்களுக்கு அடிப்படையான நோய்ப்பெயர், வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரரின் நிலையை ஒட்டி, 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் கைந்நூலிலே சேர்த்துக்கொண்டதாகும். இலங்கை மக்களின் துயரத்தை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டறிந்த உளவியலறிஞர் காயத்திரி பெர்னாண்டோவோ, உறவிலும் கடமையிலும் நேர்ந்த முறிவையே அவர்கள் பெரிதாக உரைத்ததைக் கண்டார். பிள்ளையை இழந்த தாய்க்கு நேர்ந்தது நினைவுக் கோளாறா? அவள் தாயென்று அழைக்கப்படும் இடத்தையே அன்றோ இழந்தாள்!

இது நம் முன்னோர் அறியாத உண்மையன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்று வகுத்ததோடு நின்றாரில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் சேர்த்தே சொன்னார். வெகுளிக்கு அவர் காட்டும் காரணங்கள் எவை? உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொலை. வழக்கறிஞர் இதை என்னென்பார்? வழக்குக்கான ஏது என்பார். உணர்ச்சியை அதன் காரணத்திலிருந்து பிரித்தெழுதக் கூடாதென்பது நமது இலக்கணத்தின் தீர்ப்பு.

ஆங்கிலத்தின்மீது எனக்குப் பகையில்லை. "டிப்ரெஷன்" என்ற பெயர் வந்தபின்னரே, சோம்பேறியென்றும் பேய் பிடித்தவரென்றும் தூற்றப்பட்டோர் பலர் மருத்துவரிடம் சென்று நலம்பெற்றனர். பிறமொழிச் சொல்லை ஏற்பதும் பிழையன்று. ரோசமே வடமொழியிலிருந்து வந்ததுதான். நம் முஸ்லிம் சகோதரர் துயரிலே கல்பையும் சபூரையும் பற்றிப் பேசும்போது, அவ்வரபுச் சொற்கள் இம்மண்ணின் தமிழாகவே ஒலிக்கின்றன. மக்கள் வாயிற் பழகி வந்த சொல் வேறு. மக்கள் வாயை அடைக்க வந்த சொல் வேறு.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ் பேசும் மக்கள் போராடினர். 1987இலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம், வடக்குக் கிழக்கிலே நிருவாகத்துக்கும் நீதிமன்றுக்கும் தமிழை மொழியாக்கிற்று. ஏட்டிலே பெற்ற இவ்வுரிமையை, மொழிபெயர்ப்பு மேசையிலே நாமே இழக்கலாமா?

ஆகவே நான் வேண்டுவது மூன்று. சட்டத்தரணிகள் சத்தியக் கடதாசியிலே கட்சிக்காரரின் சொல்லை அவர் சொன்னபடியே முதலில் எழுதுக. ஆங்கிலம் விளக்கமாகப் பின்னே வரட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகமும், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டு அலுவலகமும் இவ்வொழுங்கையே கைக்கொள்க. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் உள்ள பல்கலைக்கழகத்தார், மருத்துவரோடும் வட்டைக்காரரோடும் இருந்து, இக்கரையின் உணர்ச்சிச் சொற்களைப் பொருளோடு தொகுத்து மன்றுக்கும் மருத்துவமனைக்கும் தருக.

விவசாயப் பெருமக்களே! உங்கள் வாக்குமூலத்தின் கீழே கையொப்பமிடுமுன், அதைத் தமிழிலே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் பட்டது மட்டும் எழுதப்பட்டிருந்து, பிறர் செய்தது எழுதப்படாதிருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த மூதாட்டி அதைத்தான் செய்தார். நான் மறுபடியும் எழுதினேன்.