கோயிலுக்குள் சாதி இல்லையாம்!

"சாதியெல்லாம் வெளியேதான்; கோயிலுக்குள் எல்லோரும் ஒரு தாய் மக்கள்." தமிழகக் கிறிஸ்தவர்களிடையே இந்தப் பேச்சு ஒலிக்காத பங்கு இருக்காது. நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால், தலித் கிறிஸ்தவர் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் வாயை அடைக்க உதவுவது இந்த நம்பிக்கைதான்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலுக்குப் பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். ஒரே பூசையைக் கண்டாலும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடக் கூடாது என்றே போடப்பட்ட திட்டம் அது. சாதி அங்கே வெளியிலிருந்து திருட்டுத்தனமாக நுழையவில்லை. கொத்தனார் கையில் கொடுத்த வரைபடத்திலேயே இருந்தது. 1910இல் இரு மண்டபங்களையும் பிரித்த தடுப்பு இடிக்கப்பட்டதும் வேளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அது பழங்கதை என்பார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது பழங்கதையா? பொதுவழியில் சவ ஊர்வலம் போகக்கூட உரிமை இல்லை என்று முறையிட்ட தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல் மூண்டது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர்!

கோயிலுக்குள் சாதி இல்லை என்ற நம்பிக்கையால் வயிற்றில் அடி வாங்கியவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை. அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதி திராவிடரான சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. மதம் மாறிய பிறகும் சாதி தொடரலாம் என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவத்திலும் அதே அளவு கொடுமை இருப்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் சூசையின் மனுவைத் தள்ளியது. அந்த ஆதாரத்தை ஊர் ஊராகத் திரட்டித் தந்திருக்க வேண்டிய திருச்சபையில்தான் "எங்களிடம் சாதி இல்லை" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று 2016இல் ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கையே சொன்னது. பெரும்பான்மை அவர்கள்தான். ஆனாலும் தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022இல்தான்; அவர் ஐதராபாத்தின் அந்தோணி பூலா.

ஒதுக்கப்பட்டவர்களை அரவணைக்கும் சபை பிரசங்கத்தால் உருவாகாது. அதற்கு, விழாவில் பங்குள்ளவர்களாக ஏற்று, திருவிழா வரியைத் தலித் வீடுகளிலும் வாங்க வேண்டும். தேர் அவர்கள் தெருவுக்கும் போக வேண்டும். பங்குப் பேரவையிலும் குருமடத்திலும் பள்ளி நியமனங்களிலும் அவர்களுக்குரிய இடம் வேண்டும். வரி வாங்க மறுக்கும் ஊரில் கொடியேற்றம் கிடையாது என்று ஆயர்கள் எழுத்தில் அறிவிக்கட்டும். அதற்கு ரோமையின் அனுமதியும் வேண்டாம், தில்லியின் சட்டத்திருத்தமும் வேண்டாம்; வருகிற திருவிழாவுக்கே செய்யலாம்.