எந்த இடத்துத் தசைநாண்?

முழங்காலின் முன் சிலுவை ஜவ்வு (ACL) முழுதாகக் கிழிந்தால் பெரும்பாலும் வேறிடத்துத் தசைநாணை எடுத்துத்தான் புதிதாகக் கட்டுகிறார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதை வீரர் ஆடும் ஆட்டத்தைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. சில்லுக்குக் கீழிருந்து, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்தால் பிடிப்பு உறுதி. ஆனால் மண்டியிட்டால் வலிக்கலாம். மல்யுத்தக்காரருக்கு அது சரிப்படுமா? தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்தால் ஓட்டக்காரரின் விசை குறையலாம். இறந்தவர் தந்த தசைநாணோ இளம் வீரர்களிடம் அதிகம் அறுகிறது. எதை எடுத்தாலும் களம் திரும்புவதில் அவசரம் கூடாது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2023 ஆகஸ்டில் இந்த அறுவையைச் செய்துகொண்டு, அடுத்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றை எட்டினார். அதைக் காட்டிப் பிள்ளைகளை விரட்டும் பயிற்சியாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். 9 மாதத்துக்குள் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடும் என்று தெரிந்தும், டாக்டரிடம் அவர்கள் முதலில் கேட்பது, “அடுத்த டோர்னமென்ட்டுக்கு ரெடியாகிடுவானா சார்?”