வாய்க்காலும் வரம்பும்

அமிர்தகழி வீட்டுக் கூரையிலே சூரியத் தகடுகள் ஈட்டும் மின்சாரத்தைச் சுவரிலுள்ள இன்வேட்டர் வீட்டுக்கேற்றதாக மாற்றுகின்றது. அதனுள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையிலே செம்புக் கோடுகள் வாய்க்கால், பலகையே வரம்பு.

சாதாரணப் பலகையில் செம்பின் தடிப்பு 35 மைக்கிரோன். மிகு மின்னோட்டம் பாயும் பலகைகளில் 105 மைக்கிரோனும் அதற்கு மேலும் இடுவர். அகலம் மாறாது தடிப்பு மும்மடங்கானால் தடை மூன்றிலொன்றாகும். அதே மின்னோட்டத்தில் பிறக்கும் வெப்பமும் அவ்வாறே குறையும்.

ஆயினும், செம்பு உருகுவது 1,085 பாகை செல்சியஸில். கண்ணாடியிழைப் பலகையின் பிசினோ 130 முதல் 180 பாகைக்குள் இளகத் தொடங்கும். நாள்தோறும் சூடேறி ஆறுகையில், பிசின் செம்பைவிட மிகுதியாக விரிவதால் துளைகளின் செம்புப் பூச்சு வெடித்துவிடும். ஆகவே சூடு வெளியேறவும் வழி வகுக்கின்றனர் வடிவமைப்போர்.

அவ்வழியை நாம் அடைத்தல் ஆகாது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரிலே கருவியை மாட்டுங்கள். வாய்க்கால் எத்துணை ஆழமாயினும், வரம்பு நெகிழ்ந்தபின் பயிர் ஏது?