48 என்று போட்டிருக்கிறது

2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கார்ட்லெஸ் டிரில் மிஷின்கள் பலவற்றில், பேட்டரி மேல் கொட்டை எழுத்தில் 48 என்று அச்சடித்திருக்கிறார்கள். 48 வோல்ட் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் செல் ஒன்றின் கணக்கு 3.6 வோல்ட். 48-ஐ ஒட்டி வர வேண்டுமென்றாலே 13 செல்லைத் தொடராகக் கோக்க வேண்டும். அந்தக் கைப்பிடிக்குக் கீழே ஐந்து இருந்தாலே பெரிது. ஐந்து செல்லுக்கு 18 வோல்ட்; முழுக்க சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் 21. ஆகவே ஒருவர் 18 என்பதும் இன்னொருவர் 21 என்பதும் ஒரே சரக்குதான், அதை வியாபாரம் என்று விட்டுவிடலாம். 48 அப்படியல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் ‘வி’யோடு ஒரு ‘எஃப்’பையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். வோல்ட் என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்பதற்கு வசதி.

என் மச்சினன் இப்படி ஒன்றைத்தான் வாங்கலாமா என்று கேட்டான்.

“எதுக்குடா?”

“ஜன்னலுக்கு மேல கர்ட்டன் ராடு மாட்டணும் மாமா.”

விவகாரமே அங்கேதான். ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் அல்ல, லிண்டல். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். மிஷினில் சுத்தியல் படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை பல் வெட்டிய இரண்டு வட்டுகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி அதிரும், அவ்வளவுதான். அடியின் பலம் நம் தோள்பட்டையிலிருந்து வர வேண்டும். செங்கல்லில் எப்படியோ இறங்கிவிடும்; லிண்டலில் பூச்சைத் தாண்டியதும் பிட் ஒரே இடத்தில் சுற்றிச் சிவக்கும். எலக்ட்ரீஷியன்கள் கொண்டுவரும் ரோட்டரி ஹேமருக்குள் பிஸ்டன் இருக்கிறது. காற்றை அழுத்தி அதுவே அடிக்கும். பிளக்கில் சொருகும் சாதாரண டிரில்லுக்கும் பல்வட்டு அடிதான். ஆனாலும் 500 வாட்டை விடாமல் இழுக்கும். 18 வோல்ட், 1.5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தம் இருப்பதே 27 வாட்-அவர். அந்த 500 வாட்டை இதனிடம் கேட்டால் மூன்றேகால் நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஏறக்குறைய அதே பணத்துக்கு ஒயர் வைத்த மிஷினே கிடைக்கும்போது, பிளக் பாயிண்ட் இருக்கிற வீட்டுக்குள் ஒயரைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

மலிவு மிஷின் எதற்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன். பிளைவுட் அலமாரி, கதவுக் கீல், பெட்டியில் பிரித்து வரும் கட்டில் என்று ஸ்க்ரூ முடுக்கும் வேலைக்கு அது சோடை போகாது. கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதைச் சின்ன எண்ணில் வைத்தால் ஸ்க்ரூ உட்கார்ந்ததும் கடகடவென்று விட்டுக்கொடுக்கும், தலை மழுங்காது. அந்த வேலைக்கு 12 வோல்ட்டே தாராளம், கையும் வலிக்காது. கூடவே தரும் பிட்டுகளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதில் முதலில் சாகப்போவது மோட்டார் அல்ல, பேட்டரி. தினமும் ஓட்டும் தச்சர் அது சாவதற்குள் போட்ட காசை எடுத்துவிடுவார். நம் வீட்டில் அது தீபாவளிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுவிட்டுப் பரணுக்குப் போகும், காலிப் பேட்டரியோடு. அக்னி நட்சத்திரத்தில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறுமையும் சூடும் லித்தியத்துக்கு ஆகாதவை. பாதி சார்ஜில், கழற்றி, கீழ் அலமாரியில் வைத்தால் பிழைத்துக் கிடக்கும்.

அதனால் கடையில் மிஷினைச் சுழலவிட்டுப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. காற்றில் எல்லா மிஷினும் சுழலும். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா, வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு, “இந்தப் பேட்டரி தனியா என்ன விலைண்ணே?” என்று கேளுங்கள். மச்சினன் கேட்டதற்குக் கடைக்காரர், “அது போச்சுன்னா புது மிஷினே வாங்கிக்கலாம் தம்பி” என்றாராம்.

லிண்டலுக்கு ஆள் வைத்து ஓட்டை போட்டுக்கொண்டான். இப்போது 12 வோல்ட்டில் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.