எரிப்பதா? ஏத்துவதா?

காளத்தியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தது பாட்டி வைத்திருந்த பெரியபுராண வசனநூல். அட்டையிழந்த அந்நூலை மடியில் விரித்து, பொன்முகலியைக் கடந்து மலையேறிய வேடன் திண்ணன் கதையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தலை நிமிர்ந்தால் எதிரே கண்ணப்பர் மலை! ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அந்நூலையே எரிக்கவேண்டும் என்ற குரலும் தமிழகத்தில் எழுந்ததைப் பின்னர் அறிந்தேன். 1943இல் அறிஞர் அண்ணா, கம்பராமாயணத்தோடு பெரியபுராணத்தையும் தீயிலிடவேண்டுமென வாதிட்டார். சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்த்து வாதிட்டனர். அச்சொற்போர் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாகவும் வந்தது. பாட்டியின் நூலையா எரிப்பது என்று பதறினேன். ஆனால், நூல் முழுவதையும் படிக்காமலே பதறினேன்!

இன்று எனக்கு வயது 23. இயற்பியல் முதுகலை மாணவன். சென்ற விடுமுறையில் சேக்கிழாரின் பாடல்களையே உரையுடன் படித்தேன்.

வாயில் நீர் சுமந்து வந்து, மென்று சுவைபார்த்த ஊனைப் படைக்கிறான் வேடன். முறையறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு நடுங்கிக் கழுவித் தூய்மை செய்கிறார். சேக்கிழாரின் இறைவன் எவர் பக்கம்? வேடன் பக்கமே! 12ஆம் நூற்றாண்டில் இப்படிப் பாடத் துணிவு வேண்டும்.

அதே நூலில் திருநாளைப்போவாரும் இருக்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தீண்டாமைக்கு ஆளான குலத்தவர். தில்லைக்குள் நுழைய அவர் தீயில் மூழ்கவேண்டியிருக்கிறது. எழும்போது பூணூல் மார்பினராய், முனிவராய் எழுகிறார். பிறந்த உடலோடு நுழைய வழியில்லை. வேடனின் எச்சிலுக்கு இல்லாத தடை, தோல் கொடுத்தவரின் உடலுக்கு ஏன்? சிறுவயதில் அத்தீயை அற்புதம் என்று கைகொட்டினேன். இன்று அது என்னைச் சுடுகிறது.

“அது அக்கால வழக்கம்” என்பர் சிலர். அக்காலத்தில்தானே, அதே புலவர்தானே கண்ணப்பரையும் பாடினார்! நந்தனாருக்கு நேர்ந்ததை அநீதி என்று அளக்க எனக்கு அளவுகோல் தந்ததும் அந்நூலே. அதை எரித்தால் அளவுகோல் எரியும். பூசையறையில் பூட்டினால் வினா மடியும்.

நண்பர்களே! சோதனைக்கூடத்தில் நமக்கு ஒவ்வாத அளவீட்டை அழித்துவிட்டு ஆராய்ச்சி செய்வோமா? நூலுக்கு மட்டும் வேறு நீதியா?

அண்ணன் மகள் இப்போது எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கிறாள். “கண்ணப்பரை மட்டும் படித்துக் காட்டு, மற்றது குழந்தைக்கு எதற்கு?” என்கின்றனர் வீட்டில். நான் இரண்டையும் படித்துக் காட்டப்போகிறேன். “அவரை மட்டும் ஏன் சித்தப்பா நெருப்பில் இறங்கச் சொன்னார்கள்?” என்று அவள் கேட்பாள். கேட்கட்டும்! பாட்டி மடியில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.